‘ஒங்க ஊட்டு சாமி இன்னா?’: நம்பாதவர்கள் கூடும் இடங்கள் பற்றி

1

அப்பா 2009இல் இறந்தார். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். அதைவிட நீண்ட காலம் கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் பொங்கலைத் தவிர வேறு பண்டிகை கிடையாது. அவர் விருப்பப்படியே சடங்கு எதுவும் செய்யாமல் அடக்கம் செய்தோம். பதினைந்தாம் நாள் ஒரு திருமண மண்டபத்தில் படத்திறப்பு நடந்தது. மேடையில் எட்டு நாற்காலிகள், எட்டிலும் ஆண்கள். சாதி ஒழிப்பு, பெண் விடுதலை, பகுத்தறிவு என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பேச யாரும் அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு அம்மா சொன்னார்: “எல்லாரும் உங்கப்பாவப் பத்தி நல்லாத்தான் பேசனாங்க. எங்கிட்ட யாரும் ஒண்ணும் பேசல.”

அம்மாவிடம் பேச வந்தவர்கள் மறுநாள் வந்தார்கள். கணவர் இறந்து நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்திருந்த பக்கத்து வீட்டு இஸ்லாமியப் பெண்மணி வந்தார். அம்மா அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகும் வழியில், டிபன் பாக்ஸ் பையோடு தெருப் பெண்கள் வந்தார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள், அம்மா அழுதபோது கூட அழுதார்கள்.

அடுத்த மே மாதம் அம்மா என்னிடம் ஒன்று கேட்டார். “குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறியா?” கல்யாணத்துக்கு முன்பு ஒவ்வொரு வைகாசி ஒன்றாம் தேதியும் போனவர். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் போகாதவர். சாமி கும்பிடவா என்று கொஞ்சம் கிண்டலாகவே கேட்டேன். “சாமியா முக்கியம்? சனம்” என்றார்.

இந்தக் கட்டுரை அம்மாவின் அந்தப் பதிலைப் பற்றியது. நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் சனம் வேண்டியிருக்கிறது. அந்தத் தேவை போலியானதல்ல, வெட்கப்படத் தக்கதுமல்ல. ஆனால் சாமியை விட்டுவிட்டுச் சனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறார்கள், அந்த வாசலில் பெண்களிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தமிழில் ‘முன்னோர்’, ‘குலதெய்வம்’, ‘முப்பாட்டன்’ என்ற சொற்கள் நாத்திகர் வாயிலும் புழங்குகின்றன. அந்தச் சொற்களைப் பற்றிய விமர்சனமாக இதை வாசிக்கலாம்.

2

நமக்கு முன்பே இந்த வழியில் போனவர்களை முதலில் பார்த்துவிடுவோம். நம்முடைய சிக்கல் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ஐஸ்லாந்து ஏறத்தாழ ஆயிரமாம் ஆண்டில் கிறித்துவத்தை ஏற்ற நாடு. அங்கே 1972இல் ஒரு சிறு குழு, ஒடின், தோர், ஃப்ரேயா முதலிய பழைய ஜெர்மானியத் தெய்வங்களின் வழிபாட்டை மீட்க ‘ஆசாத்ரு’ சங்கத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே அரசு அதை மதமாகப் பதிவு செய்தது. அதன் முதல் தலைவர் ஸ்வெயின்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் ஒரு விவசாயி, கவிஞர். 2003 முதல் தலைவராக இருக்கும் ஹில்மர் ஓர்ன் ஹில்மார்சன் இசையமைப்பாளர். ஒற்றைக் கண்ணுடன் எட்டுக்கால் குதிரையில் வரும் ஒருவரை அப்படியே நம்புகிறவர்கள் தங்களில் இல்லை, இந்தக் கதைகளைக் கவித்துவ உருவகங்களாகவே கொள்கிறோம் என்று அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். சங்கம் ஒரே பாலினத்தவரின் திருமணங்களையும் நடத்தி வைக்கிறது.

இவர்களின் கூடுகைகளில் ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக அமர்வார்கள். கொம்புக் குவளையில் பானம் சுற்றி வரும். முதல் சுற்றில் தெய்வத்தின் பெயர், அடுத்த சுற்றில் முன்னோர் ஒருவரின் பெயர், பிறகு அவரவர் எடுக்கும் உறுதிமொழி. என்ன நம்புகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. வட்டத்தில் உட்கார்ந்து உன் முறை வரும்போது குவளையை ஏந்தினால் போதும். தேவாலயத்தை விட்டு வெளியேறி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவதென்று தெரியாமல் நின்ற ஐரோப்பிய, அமெரிக்க நாத்திகர் பலருக்கு இது ஏன் இதமாக இருந்தது என்பது எனக்குப் புரிகிறது.

பெண்களுக்கும் இதில் ஈர்ப்பு இருந்தது. பழைய நார்ஸ் இலக்கியத்தில் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து குறி சொல்லும் பெண்கள் வருகிறார்கள். ‘சைதர்’ என்ற அந்தக் கலையை ஒடினுக்கே கற்றுத் தந்தவள் ஃப்ரேயா என்பது கதை. ஆண் அதைச் செய்தால் அவனை ஆண்மை கெட்டவன் என்றார்கள். கலிபோர்னியாவில் எழுத்தாளர் டயானா பாக்ஸனும் அவருடைய குழுவினரும் இந்தக் குறிசொல்லும் முறையைப் புதிதாகக் கட்டியெழுப்பினார்கள். பைபிளில் கிடைக்காத இருக்கை ஒன்று பெண்களுக்கு அங்கே கிடைத்தது.

அதே தெய்வங்களை வைத்து வேறொன்றும் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் இனத்தூய்மைவாதிகள் இந்தத் தெய்வங்களைத் தங்கள் ‘இரத்தத்தின் மதம்’ என்றார்கள். நாஜிகள் ரூனிக் எழுத்துகளைச் சீருடையில் தைத்துக்கொண்டார்கள். போருக்குப் பின் அமெரிக்காவில் ஸ்டீபன் மெக்நாலன் என்பவர் மதம் மரபணு வழியாகவே வருகிறது என்று 1980களில் ஒரு கோட்பாடு எழுதினார். அவர் 1994இல் நிறுவிய ‘ஆசாத்ரு ஃபோக் அசெம்பிளி’ ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மட்டுமானது. அந்த அமைப்பு 2016இல் வெளியிட்ட அறிவிப்பு ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் இருப்பதையும் வெள்ளைக் குழந்தைகளையும் கொண்டாடுவதாகச் சொன்னது. அதை எதிர்த்து அதே ஆண்டில் பல பாகன் குழுக்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. தீமையைக் கண்டால் மௌனமாக இருக்காதே என்று பொருள்படும் பழைய செய்யுள் ஒன்றின் எண்ணைக் கொண்டு அதற்கு ‘அறிக்கை 127’ என்று பெயரிட்டார்கள்.

இரத்தமும் பெண்மையும் ஒரே அறிவிப்பில் சேர்ந்து வந்தது தற்செயல் இல்லை. மதத்திலிருந்து நம்பிக்கையை எடுத்துவிட்டால், உள்ளே வருகிறவரை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்ற கேள்வி எழுகிறது. பிறப்பு அதற்கு மிகச் சுலபமான விடை. பிறப்பு என்று வந்துவிட்டால் யார் யாருக்குப் பிள்ளை பெறுகிறாள் என்பதைக் கண்காணித்தாக வேண்டும். அப்போது உயர்ந்த இருக்கையில் அமர்ந்த பெண்ணை இறக்கித் தொட்டிலுக்கு அருகே உட்கார வைப்பார்கள்.

3

தமிழில் இந்தப் பேச்சுக்கு நேர்மையான தொடக்கம் இருந்தது. நா. வானமாமலை, ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற மார்க்சியர்களும், தன்னைப் பெரியாரியராக அறிவித்துக்கொண்ட தொ. பரமசிவனும் நாட்டார் தெய்வங்களைப் பக்தியால் தேடிப் போகவில்லை. வேதமும் ஆகமமும் தொடாத வழிபாடுகளில் உழைக்கும் மக்களின் நினைவு தங்கியிருக்கிறது என்று காட்டினார்கள். கொல்லப்பட்டவர்களும் தற்கொலைக்குத் தள்ளப்பட்டவர்களும் தெய்வமாகி நிற்பதை ஆவணப்படுத்தினார்கள். ‘அறியப்படாத தமிழகம்’ 1997இல் வந்தபோது நான் மாணவி. கோயிலே இல்லாத வீட்டில் வளர்ந்த எனக்கு, கும்பிடாமலேயே தெய்வங்களைப் பற்றி அன்போடு பேசலாம் என்று அந்த நூல் கற்றுத் தந்தது. அந்தக் கடன் எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் அவர்கள் வரலாற்றுச் சான்றாகப் படித்ததை, அடுத்து வந்தவர்கள் உறவுமுறையாக மாற்றினார்கள். நாம் தமிழர் கட்சியின் பண்பாட்டுப் பிரிவாக வீரத்தமிழர் முன்னணி 2015இல் உருவானது. ‘முப்பாட்டன் முருகன்’ என்ற சொல் மேடைதோறும் ஒலித்தது. கடவுள் என்று சொன்னால் பகுத்தறிவு தடுக்கும், பாட்டன் என்று சொன்னால் தடுக்காது. 2017 சனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு கட்சி சாராத இளைஞர்களிடமும் இந்த மொழி பரவியதை என் வகுப்பறையிலேயே பார்த்தேன்.

பெண் கவிஞர்களாகிய நாமும் இதற்கு வெளியே இல்லை. 2000க்குப் பிறகு எழுதவந்த நாங்கள் கொற்றவையையும் காளியையும் நீலியையும் அழைத்துக்கொண்டோம். மாலதி மைத்ரி தன் தொகுப்புக்கு ‘நீலி’ என்றே பெயர் வைத்தார். அங்கே அது ஓர் அரசியல் தேர்வு. கணவனால் கொல்லப்பட்டுத் திரும்பி வந்து கணக்குத் தீர்த்த பெண்ணின் பெயர் அது. என்னுடைய கவிதைகளை இப்போது திரும்பப் படிக்கும்போது அந்தத் தெளிவு எனக்கு இருக்கவில்லை என்று தெரிகிறது. என் கொற்றவை ‘எங்கள் ஆதித்தாய்’ ஆக இருந்தாள். அந்த ‘எங்கள்’ யார் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேள்வி வேறொரு பெண்ணிடமிருந்து வர வேண்டியிருந்தது.

4

ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த அதே ஆண்டு, ஆடி மாதத்தில், பழைய மாணவர்கள் சிலர் வள்ளிமலை அடிவாரத்தில் ஒரு மாலைக் கூடுகை நடத்தினார்கள். எல்லோரும் நாத்திகர்கள்தாம். சிலர் பெரியாரியர், சிலர் மார்க்சியர். மந்திரம் இல்லை, பூசாரி இல்லை. ஒரு விளக்கு, பறை இசை, கேழ்வரகுக் கூழ், கருவாட்டுக் குழம்பு. கவிதை வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள். வட்டமாக உட்கார்ந்தோம். அப்பாவின் படத்திறப்பில் எனக்குக் கிடைக்காதது அன்று கிடைத்தது என்று உண்மையாகவே நினைத்தேன்.

பிறகு ஒரு சுற்று தொடங்கியது. ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். சொன்னார்கள். பச்சையம்மன், முனீஸ்வரன், இன்ன ஊர், இன்ன ஏரிக்கரை. சுற்று என் பக்கத்தில் இருந்த மாணவியிடம் வந்தது. பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண். அவள் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். அவள் பேசவில்லை. எதிரே இருந்த வயதான பெண்மணி, கூழ் காய்ச்ச வந்தவர், வாஞ்சையாகவே கேட்டார்: “ஒங்க ஊட்டு சாமி இன்னா, சொல்லும்மா?” அவள், “எங்கம்மா பேரச் சொல்லலாமா?” என்றாள். வட்டத்தில் ஒரு நொடி அமைதி. நடத்தியவர்களில் ஒருவர், “பரவாயில்லம்மா, சொல்லு” என்றார்.

திரும்பும்போது பேருந்தில் அவளிடம் கேட்டேன். “சாமி பேரு சொன்னா ஊரு தெரியும் மேடம். ஊரு தெரிஞ்சா தெரு தெரியும்” என்றாள். அவளுக்கும் குலதெய்வம் உண்டு. ஆண்டுதோறும் போய்க் கூழ் ஊற்றிவிட்டு வருகிறாள். அதை அந்த வட்டத்தில் சொல்லத்தான் விரும்பவில்லை. “பரவாயில்லை என்றாரே, அது ஏன்?” என்றும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ‘பரவாயில்லை’ என்பது விதியிலிருந்து விலக்குப் பெறுகிறவரிடம் சொல்லும் சொல். சாதி பார்க்காதவர்களின் வட்டத்திலும் ஒரு விதி இருந்திருக்கிறது.

என் முறை வந்தபோது நானும் தடுமாறினேன், வேறு காரணத்தால். எந்தக் குலதெய்வத்தைச் சொல்வது? அம்மாவின் பிறந்த வீட்டுத் தெய்வம், கல்யாணத்தோடு அம்மாவுடையது இல்லாமல் போயிற்று. அப்பாவின் தெய்வத்தை அப்பாவே கைவிட்டார். கணவர் வீட்டுத் தெய்வம் ஒன்று இருக்கிறது, அதன் வரிப் புத்தகத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. திருமணமான மகள் பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோயிலில் விருந்தாளி. புகுந்த வீட்டுக் கோயிலில் பொங்கல் வைக்கிறவள். தலைக்கட்டு என்று கணக்கெடுக்கும்போது அவள் தலை எந்த ஊரிலும் சேராது. வம்சத்தைச் சுமக்கிறவளுக்கு வம்சத்தில் இடம் இல்லை. முன்னோர் வழியாகக் கூடுவோம் என்கிற நாத்திகர்கள், தங்களை அறியாமலேயே ஆண்களின் வரிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் பெயர் கூப்பிடுகிறார்கள்.

வள்ளிமலையிலேயே இதற்கு ஒரு மறுப்பு பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. வள்ளி பிறந்த இடம் என்று முருக பக்தர்கள் ஏறும் அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் கங்க அரசர் காலக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அந்த மலையில் யார் நமக்கு முப்பாட்டன்? குறிஞ்சிக் கிழவனா, உயிர்ப்பலியை மறுத்த துறவியா? ஒருவரைத் தேர்ந்து மற்றவரை மறப்பதற்குத்தான் ‘முன்னோர்’ என்ற சொல் பயன்படுகிறது.

5

2010இல் அம்மாவோடு குடியாத்தம் போன நாளுக்குத் திரும்புகிறேன். கெங்கையம்மன் திருவிழாவின் மையம் ஒரு தலை. தந்தை சொல்லைக் கேட்டுப் பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டுகிறான். தடுக்க வந்த, அல்லது அடைக்கலம் தந்த, தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணின் தலையும் விழுகிறது. வரம் பெற்று உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறிப் பொருந்துகின்றன. குடியாத்தத்தில் அம்மனின் சிரசு தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கடல்போன்ற கூட்டத்துக்கு நடுவே ஊர்வலமாக வந்து, கோபாலபுரம் கோயிலில் ஓர் உடலின் மேல் பொருத்தப்படுகிறது. அந்த உடலுக்குச் சண்டாளச்சி என்று பெயர். மாலையில் சிரசை உடலிலிருந்து பிரித்து எடுத்துச் செல்கிறார்கள். இதே வட்டாரத்துப் படவேட்டில் ரேணுகாம்பாள் சிரசாகவே வணங்கப்படுகிறாள்.

நாட்டார் தெய்வம் என்றாலே ஆதிக்கத்துக்கு எதிரானது என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். இந்தத் திருவிழாவை அப்படி வாசிக்க முடியுமா? முடியும். மகனால் வெட்டப்பட்ட தாயை ஊரே திரண்டு மறுபடி எழுப்புகிறது, உயர்சாதித் தலை தலித் உடலின்றி உயிர் பெற முடியாது என்று ஒப்புக்கொள்கிறது என்று வாசிக்கலாம். நானே அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் தோல் பதனிடும் தொழிலால் வாழும் ஒரு வட்டாரத்தில், செத்த மாட்டின் தோலைத் தொட்டவர்கள் என்பதற்காகவே விலக்கி வைக்கப்பட்ட சாதிகளின் பெண்கள் இன்று உலகச் சந்தைக்குச் செருப்புத் தைக்கும் இடத்தில், இந்தக் கதை இன்னொன்றையும் சொல்கிறது. உடல் ஒரு நாளைக்குத் தேவைப்படுகிறது. முகம் வேறொருத்தியுடையது. அந்த இன்னொருத்தியின் தலை என்ன ஆயிற்று என்று ஊர்வலத்தில் யாரும் தேடுவதில்லை.

தெற்கே இதற்கு இணையான ஒரு கதை முத்துப்பட்டன் கதை. நா. வானமாமலை அதைப் பதிப்பித்திருக்கிறார். பிராமணனான முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலச் சகோதரிகளை மணக்க விரும்புகிறான். அவர்கள் தந்தை வாலப்பகடை நிபந்தனை போடுகிறார். பட்டன் பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து, தோல் வேலை பழகி, செருப்புத் தைத்துக் காட்டிய பிறகே திருமணம் நடக்கிறது. பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் தோல் செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்து, தொழிலைக் கற்றுக்கொண்டு ஒரு சனத்துக்குள் நுழைந்தவனைப் பற்றிய அரிய கதை இது. அங்கே வாசலில் கேட்கப்பட்டது பிறப்பு அல்ல, கைவேலை.

ஆனால் கதையை அப்படியே விட்டுவைக்கவில்லை. பிற்கால வடிவங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் காட்டில் கண்டெடுக்கப்பட்ட பிராமணக் குழந்தைகள் என்று சேர்த்துவிட்டார்கள். ஆண் செய்த துறவைப் பெண்களின் பிறப்பை மாற்றி எழுதி இரத்து செய்துவிட்டார்கள். வம்சம் தன்னைச் சரிசெய்துகொள்ள எப்போதும் பெண்ணின் பிறப்பில்தான் கைவைக்கிறது. முன்னோர் கதைகளை மீட்கப் போகிறவர்கள் எந்த வடிவத்தை மீட்கிறார்கள் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

6

பிறப்பைக் கேட்காத வாசல் தமிழில் இருந்ததா? எங்கள் வட்டாரத்திலேயே முயன்று பார்த்திருக்கிறார்கள். அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் கோலார் தங்கவயலிலும், எங்கள் பக்கத்துத் திருப்பத்தூரிலும், கடல் கடந்து ரங்கூனிலும் பரவின. வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயல் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போன தலித் குடும்பங்கள் அங்கே கடவுளும் ஆன்மாவும் இல்லாத ஒரு சமயத்தில் கூடினார்கள். படித்தார்கள், விவாதித்தார்கள், திருமணமும் இறப்பும் தங்கள் முறைப்படி நடத்தினார்கள். அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழை 1926 முதல் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்திய ஜி. அப்பாதுரையார் சுயமரியாதை இயக்கத்துக்கு நெருக்கமானவர். அதே தங்கவயல் பௌத்தச் சூழலில்தான் சுவப்பனேஸ்வரி அம்மாள் ‘தமிழ் மாது’ என்று பெண்களுக்கான இதழ் நடத்தினார்.

அயோத்திதாசரும் முன்னோரைப் பேசினாரே, ஒடுக்கப்பட்டவர்களைப் ‘பூர்வ பௌத்தர்’ என்றாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறரால் தலையில் கட்டப்பட்ட ஒரு பிறப்பைக் கழற்றுவதற்காக அவர் வேறொரு பழமையை முன்வைத்தார். மேலிருப்பவர் தன் பழமையைச் சொல்வது வாசலை மூடுவதற்கு, கீழே தள்ளப்பட்டவர் சொல்வது திறப்பதற்கு. ஆனாலும் அந்தப் பழமையும் பெண்களுக்கு எவ்வளவு இடம் தந்தது என்று தனியாகக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

சுயமரியாதை இயக்கத்தின் தொடக்கக் காலமும் வெறும் மறுப்பாக மட்டும் இருக்கவில்லை. திருமணங்கள், மாநாடுகள், சமபந்திகள் என்று மக்கள் கூடினார்கள். நீலாவதியும் குஞ்சிதமும் மேடையேறிப் பேசினார்கள். மூவலூர் ராமாமிர்தம் ஊர் ஊராகப் போனார். 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த இயக்கத்தில் மிச்சமிருந்தது மேடையும் எட்டு நாற்காலிகளும்தான். அம்மாவிடமிருந்து திருவிழாவை எடுத்துக்கொண்டது. அதன் இடத்தில் அவருக்கென்று ஒரு வைகாசி ஒன்றைத் தரவில்லை. பெண்கள் குலதெய்வத்தை நோக்கித் திரும்புகிறார்கள் என்று குறைப்படும் தோழர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் மணிமேகலை இருக்கிறாள். அவளுடைய வம்சம் அவளுக்கு வைத்திருந்தது கணிகைத் தொழில். பாட்டி சித்திராபதி அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். பிட்சைப் பாத்திரத்தோடு அதிலிருந்து வெளியேறிய மணிமேகலை, வஞ்சி நகரில் பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்கிறாள். பெண்ணாகப் போனால் பேச மாட்டார்கள் என்று ஆண் துறவியின் உருவத்தில் போகிறாள். கடைசியாக வருகிறவன் பூதவாதி, அதாவது அன்றைய நாத்திகன். கண்ணால் கண்டதே மெய், மற்றது பொய் என்கிறான். அவள் சிரிக்கிறாள். அப்படியானால் உன்னைப் பெற்றவர்கள் இவர்கள்தாம் என்று எதைக் கொண்டு அறிந்தாய், ஊகித்துத்தானே என்கிறாள்.

இந்த இடத்தை நாங்கள் வகுப்பில் அளவையியலுக்கு எடுத்துக்காட்டாக நடத்துவோம். பிரத்தியட்சம், அனுமானம் என்று மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள். வள்ளிமலைக்குப் பிறகு எனக்கு அது வேறாகப் படுகிறது. பெற்றோரே ஊகம் என்றால், முப்பாட்டன் எவ்வளவு பெரிய ஊகம்! கடவுளை நம்ப மறுத்த ஒருவன் பரம்பரையைச் சான்றின்றி நம்புகிறான் என்பதைப் பரம்பரையால் அதிகம் இழக்க இருந்த ஒரு பெண் கண்டுபிடிக்கிறாள். அவள் போய்ச் சேர்ந்த சங்கத்தின் வாசலிலும் நம்பிக்கை கேட்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் குலம் கேட்கப்படவில்லை.

7

அம்மா 2018இல் இறந்தார். படத்திறப்பு வைத்தேன், மண்டபத்தில் அல்ல, வீட்டு மொட்டை மாடியில். மேடை போடவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். ஒரு சுற்று வைத்தோம். குலதெய்வமும் முன்னோரும் கேட்கவில்லை. இரத்த உறவு இல்லாத ஒருவர் உங்களுக்குக் கற்றுத் தந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, அம்மா தனக்கு ரேஷன் அட்டையில் பெயர் படிக்கக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். கம்பெனிப் பெண் ஒருவர், லைனில் பக்கத்து மெஷினில் இருந்தவர் சூபர்வைசருக்குத் தெரியாமல் நூல் கோக்கச் சொல்லித் தந்ததைச் சொன்னார். பேரணாம்பட்டு மாணவியும் வந்திருந்தாள். இந்த முறை அவள் தயங்கவில்லை.

இதை ஒரு தீர்வாக நான் முன்வைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒன்பது பேர்தான் வந்தோம். அதற்கடுத்து கொரோனா வந்தது, கூடவில்லை. குடியாத்தம் சிரசு யார் அழைக்காவிட்டாலும் வைகாசி ஒன்றாம் தேதி புறப்படுகிறது. நாங்கள் ஒவ்வொரு முறையும் போன் செய்து கூப்பிட வேண்டியிருக்கிறது. வம்சமும் நம்பிக்கையும் இல்லாத கூடுகைக்கு அதுதான் பலவீனம். ஐஸ்லாந்துக்காரர்களும் அதற்குத்தான் பழைய தெய்வங்களின் நாள்காட்டியைக் கடன் வாங்கினார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன்.

2010இல் குடியாத்தத்தில் அம்மா கும்பிட்ட மாதிரி எனக்கு நினைவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கோபாலபுரத்துக்கு அருகே தன் வயதுப் பெண்மணி ஒருவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். எட்டாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்களாம். இருவரும் ஓரமாக ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிரசு எங்களைக் கடந்து போயிற்று. அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்கள்.